மீரிகமவில லைசன்ஸ், வத்தளையில செக்கிங்

பிளாக் த ரிப்பரை எங்களில் கன பேர் அவர் செத்த பிறகுதான் கேட்கத் தொடங்கினோம். 2020 ஏப்ரல், உலகமே லொக்டவுனில் கிடந்த நேரம், கரீபியனில் இருக்கிற மொன்செராட் தீவில், 32 வயசில போயிட்டார். அதுவரைக்கும் கிரைம் எண்டா எங்களுக்கு ஸ்கெப்டா, ஸ்டோர்ம்சி, அவ்வளவுதான்.

சொந்தப் பெயர் டீன் வெஸ்ட். வட லண்டன் எட்மண்டன் பொடியன். லண்டன் தொடர்மாடிகளில, களவு ரேடியோ நிலையங்களில வளர்ந்த இசை கிரைம். நிமிஷத்துக்கு 140 பீட், மூச்சு விட இடமில்லாத வேகம். அந்த வேகத்தில கறுப்பினப் பொடியன்களையும் பொலிஸையும் பற்றி அவர் கோபத்தோட பாடினதுகள்தான் எங்களுக்குப் பிடிச்சது. பிறகு மெல்ல மெல்ல கஞ்சா முன்னுக்கு வந்துட்டு. உண்மையைச் சொன்னா, பாட்டா எடுத்தா அந்தக் கோபம்தான் பலம். கஞ்சாப் பாட்டுகளில கொஞ்சம் சலிப்புத் தட்டும்.

ஆனா போராட்டக்காரனா அவர் செய்தது வேற. இங்கிலாந்து மத்திய வங்கியின் பெயரில ஒரே ஒரு எழுத்தை மாத்தி ‘டாங்க் ஒஃப் இங்கிலன்ட்’ எண்டு உடுப்பு பிராண்ட் நடத்தினார். லண்டன் ஐ ராட்டினத்தில ஏறி நிண்டு, கெமராவுக்கு முன்னால பத்த வைச்சார். சும்மா ஷோ காட்டுறான் எண்டு எங்களுக்குள்ளயே சண்டை வந்தது. இப்ப எங்களுக்கு அப்பிடித் தோணேல்ல. பிரிட்டனில கஞ்சா பி வகுப்புப் போதைப்பொருள். 2004இல சி வகுப்புக்கு இறக்கி, 2009இல திரும்ப பி வகுப்புக்கு ஏத்தினாங்கள். ரோட்டில மறிச்சு சோதிக்கப்படுறது வெள்ளையரை விட கறுப்பினத்தவர் பல மடங்கு. அதே நாட்டில, நோர்ஃபொக்கில தக்காளி வளர்த்த பெரிய கண்ணாடிக்கூடத்தில, பிரிட்டிஷ் சுகர் கம்பெனி மருந்துக்காக லைசன்ஸோட கஞ்சாச் செடி வளர்க்குது. ஒளிச்சுக் குடிக்கிறவனைத்தானே பிடிக்கிறீங்க, நான் ஒளிக்கேல்ல, வாங்க எண்டுதான் அவர் அங்க ஏறி நிண்டார்.

இந்தக் கதை எங்கட ஊருக்கும் வந்துட்டு.

2023 டிசம்பரில யுக்திய நடவடிக்கை தொடங்கினது. அடுத்த மாசம் ஐ.நா. நிபுணர்கள் அதை நிறுத்தச் சொன்ன நேரம், கைதானவர்கள் கிட்டத்தட்ட 29,000 பேர். அந்த நாட்களில ஹேக்கித்த, மாபோல, கொட்டாஞ்சேனை எண்டு எங்க போனாலும் இதுதான் பேச்சு. எங்கட கூட்டாளி ஒருத்தன், இரவு வேலை முடிஞ்சு 240 பஸ்ஸில வந்து இறங்கினவனை, பேக்கைக் கொட்டி, சப்பாத்தைக் கழட்டி, நடு ரோட்டில நிக்க வைச்சாங்கள். ஒண்டும் கிடைக்கேல்ல. ஐடி கார்டைப் பார்த்து, ஊர் எங்க, அப்பா எங்க பிறந்தவர் எண்டு கேட்டாங்களாம். கஞ்சாவுக்கும் அப்பா பிறந்த ஊருக்கும் என்ன சம்பந்தம்?

2025இல அரசாங்கம் ஏழு வெளிநாட்டு முதலீட்டாளருக்கு, மீரிகமவில 64 ஏக்கரில, ஏற்றுமதிக்கு மட்டும் கஞ்சா வளர்க்க அனுமதி குடுத்தது. ஆயுர்வேதத்தில இது எப்பவோ இருந்த மருந்து. வெள்ளைக்காரன் ஆண்ட காலத்தில, 1929இல வந்த கட்டளைச் சட்டம்தான் இண்டைக்கும் எங்கட பொடியன்களை உள்ளுக்குப் போடுது. டொலர் கொண்டு வாறவனுக்கு அது பயிர், பஸ்ஸில வாறவனுக்கு அது வழக்கு.

கஞ்சா நல்லது எண்டு நாங்க சொல்ல வரேல்ல. அதில படிப்பை விட்டவனையும் எங்கட லேனில தெரியும். எல்லா வருத்தத்துக்கும் மருந்து மாதிரி ரிப்பர் பேசின இடங்களில எங்களுக்கு உடன்பாடில்ல. ஆனா அந்தப் படிப்பை விட்டவனுக்கு வேண்டியது ஒரு டொக்டரும் ஒரு வேலையும். கிடைச்சது பதினாலு நாள் ரிமாண்ட். வெளிய வந்தவனுக்கு பொலிஸ் ரிப்போர்ட் கேட்காத வேலை இன்னும் கிடைக்கேல்ல.

ரிப்பரைக் கேட்காத ஆக்கள், சார்லி ஸ்லொத்தின்ட ‘ஃபயர் இன் த பூத்’தில அவர் பாடினதில இருந்து தொடங்குங்க. ஹெட்போன் போட்டுக் கேளுங்க. அம்மா பக்கத்தில இருந்தா சவுண்டைக் குறைச்சு.