மலை தெக்க இருக்கு, மாமா

அக்கா மகள் பிஷ்கெக் போய்ச் சேர்ந்த முதல் வாரம் போனில் சொன்னது இதுதான்: "இங்கயும் மலை இருக்கு மாமா. ஆனா தெக்க இருக்கு."

கோம்பையில் பிறந்தவர்களுக்கு மலை என்றால் மேற்கு. ராமக்கல்மெட்டுக்குப் பின்னால் பொழுது விழுந்துவிட்டால் கீழே எங்களுக்குச் சீக்கிரமே நிழல் கட்டிவிடும். ஆடி மாசம் அந்த மலையிலிருந்து இறங்குகிற காற்றில் தென்னை மட்டை படபடவென்று அடித்துக்கொள்ளும். யாராவது வழி கேட்டால்கூட மலையைக் கைகாட்டித்தான் சொல்லுவோம். கிர்கிஸ்தான் தலைநகரான பிஷ்கெக்குக்குத் தெற்கே அலாதூ மலைத்தொடர் பனி மூடி நிற்கிறது. பதினெட்டு வருஷப் பழக்கத்தில் அதை மேற்கு என்று வைத்துக்கொண்டு, முதல் நாலைந்து நாள் விடுதிக்குத் திரும்பும்போதெல்லாம் தப்பான தெருவில் நடந்திருக்கிறாள்.

2024 அக்டோபரில் மருத்துவம் படிக்கப் போனாள். நீட் தேறியிருந்தாள். இங்கே அரசு இடத்துக்கு மார்க் எட்டவில்லை, தனியார் கல்லூரிக்குப் பணம் எட்டவில்லை. 2018க்குப் பிறகு வெளிநாட்டில் படிப்பதானாலும் நீட் தேறியாக வேண்டும். அதனால் இவளைப் போன்ற பிள்ளைகள் யாரும் படிக்காமல் போனவர்கள் இல்லை. தென்னந்தோப்பை ஒத்திக்கு வைத்துத்தான் முதல் வருஷப் பணம் கட்டினார்கள். அந்த வருஷம் மே மாதம் 17ஆம் தேதி இரவுதான் பிஷ்கெக்கில் வெளிநாட்டு மாணவர் விடுதிகளுக்குள் ஒரு கும்பல் புகுந்து அடித்தது. வெளியே வர வேண்டாம் என்று இந்தியத் தூதரகம் மாணவர்களைக் கேட்டுக்கொண்டது. 2022இல் உக்ரைனிலிருந்து பிள்ளைகள் திரும்பி வந்த காட்சியையும் டிவியில் பார்த்தவள் என் அக்கா. ஆனாலும் அனுப்பினாள். புளி, பருப்புப் பொடி, வத்தல் எல்லாம் தராசில் வைத்து நிறுத்து, எடை கூடினால் எதை எடுப்பது என்று ராத்திரி பூராவும் யோசித்தாள்.

குளிர்தான் பெரிய கஷ்டம் என்று நாங்கள் நினைத்தோம். அது அப்படி இல்லை. வெளியே மைனஸ் பத்து டிகிரிக்கும் கீழே போய் உறைந்தாலும் அறைக்குள் சுவரோரம் வெந்நீர்க் குழாய் ஓடுகிறது, உள்ளே கதகதப்புத்தான். உதடும் கையும் வெடிக்கும், தேங்காயெண்ணெய் தடவிக்கொள்கிறாள். அரிசி கிடைக்கிறது. சமாளித்துவிட்டாள்.

சமாளிக்க முடியாதது மொழி. பாடம் இங்கிலீஷில்தான். ஆனால் எலும்புகளின் பெயர் லத்தீனில், அதற்குத் தனி வகுப்பு. கடை, பஸ், விடுதி அலுவலகம் எல்லாம் ரஷ்யன், இல்லாவிட்டால் கிர்கிஸ். எழுத்தே ஆளை ஏமாற்றும்: இங்கிலீஷ் 'P' மாதிரி இருப்பது 'ர்', 'H' மாதிரி இருப்பது 'ன்'. முதல் வருஷமே ரஷ்யன் வகுப்பு வைத்திருப்பதற்குக் காரணம், பின்னால் வார்டுக்குள் போனால் நோயாளியிடம் எங்கே வலிக்கிறது என்று கேட்டாக வேண்டும். "க்த்யே பலீத்?" என்று கண்ணாடி முன் நின்று சொல்லிப் பழகினாளாம். இந்த இடத்தில் எனக்கு யாழ்ப்பாணத்து மானிப்பாய் ஞாபகம் வரும். 1847இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் கிரீன், அங்கேயே தமிழ் கற்று, மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்து, உடற்கூறு நூலைத் தமிழில் மொழிபெயர்த்தார். வைத்தியம் பார்க்கிறவன் நோயாளியின் மொழிக்கு வந்து சேர வேண்டும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

அங்கே பிள்ளைகள் வாயில் அடிக்கடி புரளும் சொல் ஒன்று உண்டு: அத்ரபோத்கா. ஒரு வகுப்பு தவறினாலும், வாய்மொழித் தேர்வில் தோற்றாலும், அந்தப் பாடத்தைத் தனியாக ஆசிரியர் முன் ஒப்பித்துக் கடன் தீர்க்க வேண்டும். மார்க் ஐந்துக்கு. 'ரெண்டு' வந்தால் ஃபெயில்.

எங்கள் வீட்டுக் கடிகாரத்தைவிட அவள் கடிகாரம் அரை மணி நேரம்தான் முந்தி ஓடுகிறது. அதனால் தினமும் பேசுவது சுலபம். "சாப்ட்டியாத்தா?" "சாப்ட்டேம்மா." "நல்லா இருக்கியா?" "நல்லா இருக்கேன்." மூன்று மாதம் இப்படியே போனது. தோப்பை ஒத்தி வைத்துப் போன பிள்ளை வேறு என்ன பதில் சொல்லும்? நல்லா இல்லை என்று சொல்ல நாங்கள் அவளுக்கு இடமே விட்டுவைக்கவில்லை.

போகும் முன் ஏஜென்டிடம் எல்லாவற்றையும் கேட்டோம். 2021 விதிமுறைப்படி படிப்பு 54 மாதத்துக்குக் குறையக் கூடாது. அங்கே 12 மாதம் பயிற்சி, திரும்பி வந்து இங்கே 12 மாதம். வெளிநாட்டில் மருத்துவம் படித்தவர்கள் இங்கே எழுத வேண்டிய எஃப்எம்ஜிஇ தேர்வில் 300க்கு 150 வாங்க வேண்டும், 2024 ஜூன் பருவத் தேர்வை எழுதியவர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர்தான் தேறினார். கடைசி வருஷத்தைப் பற்றி இவ்வளவு விசாரித்த நாங்கள் முதல் நவம்பரைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. அந்தத் தேர்வில் வரும் உடற்கூறு, முதல் வருஷத்து உடற்கூறுதான். முதல் வருஷம் மனசு ஒடிந்த பிள்ளை அதை எப்படிப் படிக்கும்? பிள்ளையை வெளிநாடு அனுப்பியிருக்கிற ஒவ்வொரு வீட்டையும் கையைப் பிடித்துக் கேட்டுக்கொள்கிறேன்: சாப்பிட்டாயா என்பதோடு போனை வைத்துவிடாதீர்கள்.

தை பிறந்த பிறகு ஒரு நாள் எனக்குத் தனியாகக் கூப்பிட்டாள். மண்டையோட்டுத் தேர்வில் ரெண்டு. மூன்று வாரமாக மறைத்திருக்கிறாள். "அம்மாட்ட சொல்லிராதீங்க மாமா." நான் சொல்ல மாட்டேன், நீ சொல்லு என்றேன். ஞாயிற்றுக்கிழமை சொன்னாள். அக்கா முந்தானையில் கை துடைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். எனக்குப் பயமாகத்தான் இருந்தது.

"எந்த எலும்புத்தா?" என்று கேட்டாள் அக்கா.

காதோரத்து எலும்பு, டெம்போரல் போன். பொட்டெலும்பு என்று தமிழில் தேடிச் சொன்னாள். முகத்து நரம்பு அதற்குள்தான் வளைந்து போகிறது. உடம்பிலேயே சின்ன எலும்பு, மூன்று மில்லிமீட்டர்தான், அதற்குள்தான் இருக்கிறது. ஒவ்வொரு துளைக்கும் ஒரு லத்தீன் பெயர், அதில்தான் குழம்பிவிட்டாள். அக்கா விடவில்லை; அது எங்க இருக்கு, எனக்கும் இருக்கா என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். "காதுக்குப் பின்னாடி கைய வைங்கம்மா. கெட்டியா ஒரு மேடு தட்டுப்படும். அதுவும் அந்த எலும்புதான்."

அக்கா வைத்தாள். திண்ணையில் உட்கார்ந்திருந்த அம்மாச்சியும் தண்டட்டிக் காதை ஒதுக்கிவிட்டுத் தடவிப் பார்த்தது. "ஆமாத்தா, இருக்கு" என்றது. இன்னொரு பக்கமும் இருக்குதா பாரு அம்மாச்சி என்று அங்கிருந்து சத்தம் வந்தது.