வெள்ளியைச் சுரண்டாதீங்க! மோட்டார் கருகும்!

வத்திராயிருப்பு வயலில் தண்ணீர் பாயும் நேரத்தில் மோட்டார் புகைந்தால், பழி முதலில் மின்வாரியத்தின் தலையில் விழும். "கரண்டு சரியில்லை" என்பார்கள். சில வேளை அது நிஜம். சில வேளை குற்றவாளி ஸ்டார்ட்டர் பெட்டிக்குள்ளேயே இருக்கிறான். ஆயுதம்? ஒரு துண்டு உப்புத்தாள்!

ஸ்டார்ட்டரில் 'பாயிண்ட்' என்று மெக்கானிக்குகள் சொல்லும் குமிழ்களில் இருப்பது வெள்ளிக் கலவை. பெரிய சுவிட்சுகளிலும் துணை மின்நிலைய இணைப்புகளிலும் செம்பின் மேல் வெள்ளி முலாம் பூசியிருப்பார்கள். பித்தளைக் குத்துவிளக்குக்குப் பூசுகிற அதே முலாம்தான். சயனைடு கலந்த தொட்டியில் சாமானை முக்கி, மின்சாரம் பாய்ச்சிப் பூசுவது. இங்கிலாந்தில் எல்கிங்டன் குடும்பத்தார் 1840-ல் இதற்குக் காப்புரிமை வாங்கினார்கள். (அந்தத் தொட்டிக் கழிவைச் சாக்கடையில் கொட்டுகிறவனைச் சும்மா விடக் கூடாது. அது தனிக் கதை.)

வெள்ளி எதற்கு? செம்பை விட அது மின்சாரத்தை நன்றாகக் கடத்தும். செம்பு சூடாகிக் கறுத்தால் அந்தக் கறுப்பு மின்சாரத்தை மறிக்கும், மேலும் சூடேறும். வெள்ளியில் படியும் கறுப்பு அந்த அளவுக்குப் பாதகம் செய்யாது.

இது தெரியாமல்தான் "கறுத்துப் போச்சுண்ணே, தேய்ச்சு விடுங்க" என்கிறார்கள். முலாம் என்பது பல இடங்களில் சில மைக்ரான் கனம்தான். தலைமுடியை விட மெல்லிசு. நாலு இழுப்பில் போயே போச்சு! குமிழைத் தேய்த்தால் முகம் கோணலாகி, சரியாக ஒட்டாது. ஒரு பேஸ் விட்டுப்போனால் மோட்டார் மீதி இரண்டில் முனகிக்கொண்டே ஓடி, காயில் கருகும். ஓவர்லோடு ரிலே காப்பாற்றும். அதையும் கட்டிவைத்து ஓட்டுகிற சூரர்கள் இருக்கிறார்களே!

விவசாயிக்கு 1990 முதல் மின்சாரம் இலவசம். காயில் கட்டுவது இலவசமா?

பளபளப்பைப் பார்த்தும் ஏமாற வேண்டாம். பாத்திரத்துக்குத்தான் பளபளப்பு முலாம் அழகு. மின் வேலைக்கு மங்கல் முலாமே பல நேரம் மேல். அதில் கலப்பு குறைவு.

பாயிண்டில் குழி விழுந்து அடிச் செம்பு தெரிந்தால், தேய்க்காமல் செட்டோடு மாற்ற வேண்டும். விற்கிற கடைக்காரர் கம்பெனிப் பெயரோடு பில் கொடுக்கட்டும். பில் இல்லாத மலிவுச் சரக்கில் வெள்ளி எவ்வளவு என்று யார் கண்டது? ஸ்டார்ட்டர் மூடியைத் திறக்கும் முன் மெயினை அணைத்து, பியூஸ் கட்டையையும் கையோடு பிடுங்கி வைத்துக்கொள்ள வேண்டும்.