கிணற்றடித் தமிழைக் கொச்சை என்பதா?

கோவையிலிருந்து பொள்ளாச்சிக்குச் செல்லும் பெருஞ்சாலையில், பொன்மலை என்னும் சிறு குன்றின் அடியில் அமைந்த ஊர் கிணத்துக்கடவு. தக்காளிச் சந்தையால் இன்று பலரும் அறிந்த ஊர். சாலையை அகலப்படுத்தி மேம்பாலம் எழுப்பிய பின்னர், அவ்வழிச் செல்வோர் ஊருக்குள் இறங்காமலே அதன் தலைக்கு மேலாகப் போய்விடுகின்றனர். கடந்து செல்லும் வழிக்குத் தமிழில் கடவு என்று பெயர். கிணறும் கடவும் சேர்ந்து பெயராகிய ஊரில், கடவு மேலே போய்விட்டது. கிணறோ ஆழ்துளைக் குழாயாகிக் கீழே போய்விட்டது.

இப்பெயரைக் காணும் தமிழ்ப் பற்றாளர் சிலருக்குக் கை வாளா இருப்பதில்லை. கிணத்து என்பது பிழை, கிணற்று என்றே எழுதுதல் வேண்டும் என்று திருத்தப் புகுவர். இலக்கணப்படி அவர்கள் சொல்வது சரியே. ஆயினும் ஒன்றை அவர்கள் எண்ணிப் பார்த்ததில்லை. ஈழத்தமிழர் அயல்நாடு செல்வதற்குரிய சீட்டைக் கடவுச்சீட்டு என்றனர். அழகிய அச்சொல் இன்று தமிழ்நாட்டிலும் ஊன்றிவிட்டது. அதைப் புதுமையென்று போற்றுகின்றவர்கள், அதே கடவு கொங்கு நாட்டு ஊர்ப்பெயரில் காலங்காலமாகப் புழங்கி வருவதைக் கண்டும் காணாது, பக்கத்திலிருக்கும் ‘கிணத்து’ ஒன்றையே கண்டு முகஞ்சுளிக்கின்றனர். பொன்னைப் பாராமல் அதில் ஒட்டிய தூசியைப் பார்ப்பது போன்றது இது.

மக்கள் வழக்கைக் கொச்சை என்று தள்ளும் இவ்வழக்கம் தொல்காப்பியர்க்கு உடன்பாடன்று. செந்தமிழ் நிலத்தை அடுத்த பன்னிரு நிலங்களிலும் தத்தம் பொருளில் வழங்கும் சொற்களைத் திசைச்சொல் எனப் பெயரிட்டு, செய்யுளுக்கு உரிய நால்வகைச் சொற்களுள் ஒன்றாக அவர் வைத்தார். நம் காலத்தில் மொழிஞாயிறு பாவாணர் 1961இல் சென்னைப் பல்கலைக்கழக அகராதியின் சீர்கேட்டை எடுத்துக்காட்டி ஒரு நூலே எழுதினார். உலக வழக்குச் சொற்கள் பல அதில் இடம்பெறாமற் போனது அவர் சாட்டிய குறைகளுள் ஒன்று. 1974இல் தொடங்கிய சொற்பிறப்பியல் அகரமுதலித் திட்டத்திற்கு அவரே முதல் இயக்குநரானார். தூய தமிழுக்கு அவரைவிட உழைத்தவர் எவர்? அவரே சிற்றூர் மக்களின் வாயை நோக்கிச் செவி சாய்த்தார் என்றால், அவர் பெயரைச் சொல்லிக்கொள்வோர் அவ்வாயை மூடச் சொல்வது எங்ஙனம் பொருந்தும்?

கொங்கு நாட்டில் கால்வாய்ப் பாசனம் சில பகுதிகளுக்கே உரியது. எஞ்சிய இடங்களில் நிலத்தைக் காத்தது கிணறு. கிணற்றை இயக்கியது கவலை. பாண்டி நாட்டார் இதனையே கமலை என்பர். பிரிந்து செல்லும் வழியைக் கவலை என்பது சங்கச் சான்றோர் வழக்கு; அச்சொல்லே நீரிறைக்கும் இவ்வமைப்புக்கும் வந்ததா என்பதைச் சொல்லாய்வார் தீர்க்கட்டும்.

கவலையை இன்றைய இளைஞர் பார்த்திரார். கிணற்றின் மேல் உருளை. உருளையின் வழியே பருத்த வடம். வடத்தின் ஒரு முனையில் சால், மறுமுனையில் இரண்டு மாடுகள் பூட்டிய நுகத்தடி. கிணற்றிலிருந்து விலகிச் செல்லும் சரிவில் மாடுகள் இறங்க, சால் நிறைந்து மேலே வரும். இறங்கும்போது ஓட்டுபவர் வடத்தின்மேல் அமர்ந்து, தம் உடல் எடையையும் மாட்டுக்குத் துணையாகக் கொடுப்பார். சாலின் அடியில் தோலாலான நீண்ட குழல் தொங்கும்; அதன் பெயர் வால். அதனை மடக்கிப் பிடித்திருக்கும் மெல்லிய கயிறு வால்கயிறு. சால் தொட்டிக்கு நேராக வந்ததும் வால் நீண்டு நீரைக் கொட்டிவிடும். பிறகு மாடுகள் முகந்திருப்பாமல், பின்னோக்கி நடந்தே மேட்டுக்கு ஏற வேண்டும். பின்னோக்கி நடக்க மாட்டைப் பழக்குவது ஒரு கலை. இரவின் கடைக்கூற்றில் தொடங்கி வெயில் ஏறும் வரையில் இது நடக்கும்.

சால், வடம், வால், வால்கயிறு, உருளை, நுகத்தடி, தொட்டி, வாய்க்கால், மடை, பாத்தி! நீர் கிணற்றைவிட்டுக் கிளம்பிப் பயிரின் வேரைச் சேரும் வரை, வழிநெடுகத் தமிழ்தான். இதனை எந்தப் புலவர் குழுவும் கூடி ஆக்கவில்லை. நீர் கொட்டும் தோலுக்கு வால் என்று பெயரிட்டவர் எழுத்தறியாதவராகவே இருந்திருக்கக் கூடும்; ஆனால் கண்ணறிவு மிக்கவர்.

வேலைக்குப் பாட்டும் இருந்தது. ஏற்றம் இறைப்பவர் பாடிய பாட்டு களைப்பை மறக்க மட்டுமன்று, இறைத்த சாலை எண்ணவும் பயன்பட்டது. கம்பரைப் பற்றி ஒரு கதை வழங்குகிறது. வழியில் ஏற்றப்பாட்டொன்றைக் கேட்ட கம்பர், அதன் அடுத்த அடி என்னவாயிருக்கும் என்று எவ்வளவோ எண்ணியும் காணமாட்டாமல், பாட்டை நிறுத்திப்போன இறைப்பாளி மறுநாட் காலை வந்து பாடும் வரை காத்திருந்தாராம். நடந்ததோ, கட்டியதோ, அறியோம். ஆனால் அக்கதையைக் கட்டிய மக்கள், பேரிலக்கியம் ஆக்கியவனையும் கிணற்றடியில் கற்க வைத்தனர். கம்பருக்கு இருந்த பொறுமை பின்வந்த புலவர்க்கு இல்லாமற் போயிற்று.

இனிச் சொல்ல வேண்டுவது கசப்பானது. கவலையை ஓட்டியவர் யார்? சிறு நிலத்து உழவர் தாமே ஓட்டினர். பெரிய பண்ணையங்களில் ஓட்டியவர், ஆண்டுக் கூலிக்குத் தவசம் பெற்றுப் பண்ணையாளாய்க் கட்டுண்டு கிடந்த அருந்ததியர். செத்த மாட்டின் தோலை உரித்துப் பதப்படுத்திச் சாலும் வாலும் தைத்துத் தந்தவரும் அவர்களே. அவர்கள் தோல் தைக்காவிடில் கவலை இல்லை. கவலை இல்லையேல் வெள்ளாமை இல்லை. அத்தகையோர், தாம் பொழுதெல்லாம் இறைத்த கிணற்றிலேயே தம் குடத்தை முகக்க உரிமையின்றி, யாரேனும் ஊற்றமாட்டார்களா என்று தள்ளி நின்ற ஊர்கள் எத்தனை! கவலையின் தமிழ் தூய்மையானதுதான். அதைச் சுற்றியிருந்த வாழ்க்கை தூய்மையானதன்று. பழங்காலச் சிற்றூரைப் பொற்காலமாக வண்ணந்தீட்டும் எழுத்துகள் நம்மிடையே பெருகி வருகின்றன. அவற்றில் மாடு இருக்கும், கிணறு இருக்கும், பாட்டு இருக்கும், பாடியவன் எங்கே குடியிருந்தான் என்பது மட்டும் இராது. மொழியை மீட்கப் புறப்பட்டவர்கள் இதை மறைத்துவிட்டு அதை மட்டும் எடுத்துக்கொள்வது களவு.

நாட்டுப்புற வழக்காறுகளைத் திரட்டியதில் தமிழர் முந்திக்கொள்ளவில்லை. 1958இல் கி.வா.சகந்நாதன் பதிப்பில் ‘மலையருவி’ என வெளிவந்த நாட்டுப்பாடல்களைத் திரட்டியவர் பெர்சி மாக்குவீன் என்னும் வெள்ளை அலுவலர். கொங்கு நாட்டின் பெருங்கதையாகிய அண்ணன்மார் கதையை, காங்கயத்தை அடுத்த ஓலப்பாளையத்தில் தங்கி, 1965இல் உடுக்கைப் பாடகர் வாயிலிருந்து ஒலிப்பதிவு செய்தவர் பிரெண்டா பெக் என்னும் மேலைநாட்டு அம்மையார். அவர் அக்கதையைப் பற்றி ஆங்கிலத்தில் 1982இல் நூல் எழுதினார். இடையில் 1971இல் கவிஞர் சக்திக்கனல் அண்ணன்மார் கதையை அச்சேற்றியதும், பேராசிரியர் நா. வானமாமலை 1964இலேயே தமிழர் நாட்டுப்பாடல்களைத் தொகுத்ததும், பெருமாள்முருகன் 2000இல் கொங்கு வட்டாரச் சொற்களுக்கு அகராதி கண்டதும் நன்றியோடு நினைக்கத்தக்கவை. ஆனால் இவை தனியாட்களின் உழைப்பு. இட்டேரி என்றால் இருபுறமும் வேலி நின்ற காட்டுவழி என்பதையும், நோன்பு என்பதே நோம்பியாகி ஊர்த்திருநாளைக் குறிக்கிறது என்பதையும், கோவையில் படிக்கும் கொங்குப் பிள்ளைகளுக்கே எடுத்துச் சொல்ல வேண்டியிருக்கிறது.

இவ்விடத்தில் இசுக்காட்லாந்து நாட்டை நினைப்பது பயன்தரும். அங்கும் ஆங்கிலத்தின் கீழ் நசுங்கிய ஒரு மொழி உண்டு. அது கேலிக்கு மொழி. நிலக்கிழார்கள் ஆட்டு மந்தைக்கு நிலம் வேண்டி, மலைநாட்டு உழவரைக் குடியெழுப்பித் துரத்தினர். 1872இல் வந்த கல்விச் சட்டம் அவர்கள் மொழிக்குப் பள்ளியில் இடமளிக்கவில்லை. ஆயினும் காம்பெல் என்பவர் துணைவர் சிலரோடு, மீனவர், கூலியாள், வேலைக்காரர் வாய்க்கதைகளை அவர்கள் சொன்ன கேலிக்கு மொழியிலேயே எழுதி, 1860 முதல் 1862 வரை நான்கு தொகுதிகளாக வெளியிட்டார். கதை சொன்னவர் பெயர் என்ன, எவ்வூரார், என்ன தொழில் செய்தார் என்பனவற்றையும் கதையோடு குறித்து வைத்தார். இக்குறிப்புகளே அத்தொகுதிகளின் உயிர். 1951இல் எடின்பரோப் பல்கலைக்கழகத்தில் இதற்கெனத் தனித் துறையே அமைந்தது; ஒலிப்பதிவுப் பொறியோடு தீவு தீவாக அலைந்து, பாட்டும் பழமொழியும் தொழிற்சொல்லும் திரட்டினர். கம்பளித் துணியைப் பெண்கள் கூடியமர்ந்து அடித்துப் பதப்படுத்துகையில் பாடிய பாட்டுகள் அவற்றுள் பல. அவ்வேலை நின்று போயிற்று; பாட்டு நாடாவில் இருக்கிறது.

ஆனால் அதன் மறுபக்கத்தையும் காண வேண்டும். 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் கேலிக்கு பேசுவோர் ஏறத்தாழ 58,000 பேரே. 2005இலும் 2025இலும் அம்மொழிக்குச் சட்டங்கள் செய்தனர். சட்டம் வந்த வேளையில் மொழி பேசும் வயல் எங்கே இருந்தது? தமிழ்க்கு அந்நிலை இல்லையே என்று மகிழ்வோர் உண்டு. எண்ணிக்கையில் இல்லைதான். ஆனால் ஒரு மொழி முழுதும் ஒருநாளில் சாவதில்லை; தொழில் தொழிலாகச் சாகிறது.

கிணற்றடியில் அது நடந்து முடிந்தது. 1932இல் பைக்காரா மின்விசை வந்தது. கோவைச் சீமையின் கிணறுகளில் ஒவ்வொன்றாக மின்பொறி ஏறியது. 1970இலும் 1972இலும் மின்கட்டணத்தை எதிர்த்து உழவர்கள் மாட்டுவண்டிகளோடு கோவையில் திரண்டபோது, மாடு வண்டியில் இருந்தது. கவலையிலிருந்து பெரும்பாலும் அவிழ்ந்துவிட்டிருந்தது. 1990இல் உழவுக்கு மின்விசை விலையின்றிக் கிடைத்தது. மாட்டையும் ஆளையும் முறித்த வேலை ஒழிந்தது. அதற்காக எவரும் கண்ணீர் விடத் தேவையில்லை. பண்ணையாள் கட்டு அவிழ்ந்ததற்கும் அது ஒருவாறு உதவிற்று. கண்ணீருக்குரியது வேறு. மாட்டோடு சேர்த்துச் சொல்லையும் அவிழ்த்துவிட்டோம். மோட்டார், சுவிட்சு, பியூசு, காயில், பைப்பு, வால்வு! பொறி எங்கோ கடல் கடந்து செய்யப்பட்டதாயின் பெயரும் அங்கிருந்து வந்தது என்று ஆறலாம். கோவையோ இந்தியா முழுமைக்கும் நீரிறைக்கும் பொறி செய்து அனுப்பும் நகரம். தமிழர் வார்த்து, தமிழர் கடைந்து, தமிழர் பூட்டிய பொறியில் ஓர் உறுப்புக்கேனும் தமிழ்ப்பெயர் பொறித்து வெளியே அனுப்பத் தோன்றவில்லை!

பின்னர்ப் புலவர்கள் மின்னிறைப்பி முதலிய சொற்களை ஆக்கித் தந்தனர். அவை நல்ல சொற்கள், அச்சில் வாழ்கின்றன. உழவர் நாவில் ஏறவில்லை. ஏன்? பொறி வந்து ஊன்றிப் பல்லாண்டு கழிந்தபின் சொல் வந்தது. சொட்டுநீர்ப் பாசனத்தைப் பாருங்கள். அது தோட்டத்துக்குள் நுழைந்தபோதே தமிழ்ப்பெயரோடு நுழைந்தது. இன்று கிணத்துக்கடவுத் தென்னந்தோப்பில் நிற்கும் எவரும் ‘சொட்டுநீர் போட்டிருக்கறோமுங்க’ என்றே சொல்வர். கருவியோடு சேர்ந்து வரும் சொல்லை உழவர் ஏற்பர்; காலம் கடந்து அறிவுரையாக வரும் சொல்லை ஏற்கமாட்டார். பொறி செய்யும் பட்டறைகளை நெருங்காமல், தாளில் மட்டும் சொல்லாக்கிக் கொண்டிருந்ததன் விளைவு இது.

கலைகளுள் சில மேடையேறித் தப்பின. வள்ளி ஒயிற்கும்மியைப் பெண்களுக்கும் பயிற்றுவித்த கோவை மாவட்டத்துப் பத்திரப்பனார்க்கு 2024இல் தாமரைத்திரு விருது கிடைத்தது. கும்மிக்குக் கையும் காலும் போதும். கவலைப் பாட்டை மேடையில் பாட இயலாது. அதன் தாளம் மாட்டின் நடையில் இருந்தது.

எஞ்சியிருப்பவை சில முதியோரின் நினைவுகள். கவலை ஓட்டிய கைகளுக்கு இன்று எண்பது அகவையேனும் இருக்கும். பத்தாண்டு கழித்து இதனைச் செய்ய எண்ணினால் செய்வதற்கு ஆளிரார். செலவும் பெரிதன்று, பள்ளிப் பிள்ளைகள் கையிலேயே ஒலிப்பதிவுக் கருவி இருக்கிறது. ஒவ்வொரு பள்ளித் தமிழாசிரியரும் கோடை விடுமுறையில் மாணவரை அவரவர் அப்பாரிடமும் அப்புச்சியிடமும் அனுப்பி, மாட்டுக்கு என்ன சொல்லி அதட்டினீர்கள், அறுந்த வடத்தை எப்படி முடிந்தீர்கள், எத்தனை சாலுக்கு ஒரு பாத்தி நிறைந்தது, அப்போது என்ன பாடினீர்கள் என்று கேட்டுவரச் செய்யலாம். மணியக்காரர் வீட்டுத் திண்ணையோடு நின்றுவிடாமல், சால் தைத்தவர்களின் தெருவுக்கு முதலில் செல்ல வேண்டும். சொன்னவர் பெயரையும், ஊரையும், அவர் செய்த வேலையையும், பெற்ற கூலியையும் அவர் ஒப்புதலோடு தலைப்பிலேயே குறிக்க வேண்டும். அவர் ‘கெணத்து’ என்று சொன்னால், கிணற்று என்று திருத்தாமல் ‘கெணத்து’ என்றே எழுதிக்கொள்ள வேண்டும்.