துருவக் கடலடியும் தொழுவத்து அசோலாவும்

மஞ்சளும் மரவள்ளியும் விளையும் நாமகிரிப்பேட்டைக்கு, நம் மாணவர் ஒருவரின் இல்லம் தேடிச் சென்றிருந்தோம். தொழுவத்தை ஒட்டித் தார்ப்பாய் விரித்த குழியில், கறவை மாட்டின் தீவனத்திற்காக அசோலா வளர்த்திருந்தனர். இச்சிறு பெரணிக்கு வடதுருவத்தில் ஒரு வரலாறு உண்டு என்றோம். வீட்டுப் பெரியவர் நம்மை ஏற இறங்கப் பார்த்தார்.

2004-ஆம் ஆண்டில் பன்னாட்டு ஆய்வுக் குழுவொன்று, வடதுருவத்திலிருந்து ஏறத்தாழ 250 கி.மீ. தொலைவில், லொமொனோசொவ் என்னும் கடலடி மலைத்தொடரில் 400 மீட்டருக்கும் மேல் துளையிட்டு வண்டலை எடுத்தது. ஏறக்குறைய 4 கோடியே 90 லட்சம் ஆண்டுகளுக்கு முற்பட்ட அடுக்குகளில் அசோலாவின் நுண்வித்துகள் செறிந்திருந்தன! அன்று அக்கடலை நிலம் சூழ்ந்திருந்தது. மேற்பரப்பில் நன்னீர் பரவியிருந்தது. அசோலா அதன்மேல் படர்ந்தது, மடிந்தது, மூழ்கியது. அடிநீரில் உயிர்வளி இன்மையால் முற்றும் மக்காமல் வண்டலில் தங்கியது. சுமார் 8 லட்சம் ஆண்டுகள் இந்நிலை நீடித்தது. காற்றில் கரியமிலவாயு குறைந்து உலகம் குளிர்ந்ததில் இதற்கும் பங்குண்டு என்பர் ஆய்வாளர் சிலர்.

வண்டலின் கரிமம் நிலத்தாவரத்தினதா, கடலுயிரினதா என அறியக் கரிமத்திற்கும் நைட்ரஜனுக்கும் உள்ள விகிதத்தை அளப்பர். கடல் மிதவைப் பாசிகளில் அது 6 முதல் 8 வரை. நிலத்தாவரங்களில் பெரும்பாலும் 20-க்கு மேல். ஸ்வால்பார்டு தீவுகளின் கோங்ஸ்பியோர்டு வண்டலில் நம் நாட்டு அறிஞரும் இத்தகைய ஆய்வு செய்துள்ளனர். 1981-இல் டாக்டர் எஸ்.இசட். காசிம் தலைமையில் கோவாவிலிருந்து புறப்பட்ட முதல் அண்டார்க்டிகாப் பயணமே நம் துருவ ஆய்வுக்குக் கால்கோள்.

இதனைத் தமிழில் எழுதுக என்றோம். இடர்ப்பாடு சொல்லில் வந்தது. வேதியியல் பாடநூலார் ‘கரிம’ என்பர். வேளாண்மையார் ‘அங்கக’ என்பர். இலங்கைத் தமிழர் ‘சேதன’ என்பர். கார்பனும் கரிமமே ஆதலின் மாணவர் ‘கரிமக் கரிமம்’ என எழுதித் தாமே நகைத்தார். சிப்பியோட்டுச் சுண்ணாம்பிலும் கரிமம் உண்டு. ஆய்வகத்தார் அதனை அமிலமிட்டுப் போக்கிய பின்னரே, உயிர்ப்பொருள் விட்டுச்சென்ற கரிமத்தை அளப்பர். அவர்கள் அரும்பாடுபட்டுப் பிரிப்பதை நம் சொல் ஒன்றாக்கிவிடுகிறது.

‘அங்ககக் கரிமம்’ என்பதே நம் தெரிவு. வடசொல்லென்று தனித்தமிழ் அன்பர் முனியலாம். உழவர் செவிக்குப் பழகிய சொல்லை நாம் ஏன் தள்ளவேண்டும்? இதனை அறிவியல் துறையாரே பார்த்துக்கொள்ளட்டும் என்று நம் தமிழ்த்துறை ஒதுங்கியிருப்பதை நாம் ஏற்கவில்லை. வேதியியல் மாணவரும் தமிழ் மாணவரும் ஒரு மேசையில் அமர்ந்து இக்கட்டுரையை எழுதட்டும். எழுதி முடித்ததும் முதலில் அந்தப் பெரியவரிடம் படித்துக் காட்டுவோம்.