மீண்டும் என்னும் சொல்

பதவியிலிருக்கும் பாராளுமன்ற உறுப்பினர் மறுமுறையும் போட்டியிடும்போது அவர்தம் சுவரொட்டியில் முதலில் நிற்பது ‘மீண்டும்’ என்னும் சொல்லே. மீள் என்பது அதன் வினையடி. சென்றவர் திரும்புதல் பொருள். எங்குச் சென்றார், என்ன செய்து திரும்புகின்றார் என்பதைச் சுவரொட்டி கூறுவதில்லை. முகம், சின்னம், ஓர் இலக்கம். இவ்வளவே அங்கு உள.

அவ்விலக்கத்தைத் தந்தது நம் தேர்தல் முறை. 1978 ஆம் ஆண்டின் அரசியலமைப்பு வகுத்த விகிதாசார முறையிற் பொதுத்தேர்தல் முதன்முதல் நடைபெற்றது 1989 இல். கட்சிக்கு ஒரு வாக்கு. அக்கட்சியின் வேட்பாளருள் மூவர் வரைக்கும் விருப்பு வாக்கு. ஆதலின் பதவியிலிருப்பவர் மாற்றுக் கட்சியாரோடு மட்டுமன்றித் தம் தோழரோடும் பொரவேண்டியவராகின்றார். புத்தளம் மாவட்டத்திற்கு எட்டு ஆசனங்கள். வில்பத்துக் காட்டை ஒட்டிய வண்ணாத்திவில்லு தொடங்கித் தெற்கே வென்னப்புவை வரை வாக்குத் திரட்ட ஓடுபவருக்கு எம்மூர் வழியிலுள்ள ஓர் ஊர். தொகுதி முறையில் ‘இவர் எம் உறுப்பினர்’ எனச் சுட்ட முடிந்தது. இன்று எண்மரும் எமக்குரியர். அதனால் ஒருவரையும் பிடித்துக் கேட்க இயலவில்லை.

கேட்பதற்கோ பொருள் உண்டு. 2017 ஏப்பிரலிற் கொழும்பு மீதொட்டமுல்லைக் குப்பைமேடு சரிந்து பலர் மாண்டனர். பின்னர்த் தலைநகரின் கழிவை எம் பிரதேசத்து அருவக்காட்டில், சுண்ணாம்புக்கல் அகழ்ந்த நிலத்திற் கொட்டும் திட்டம் விரைவு பெற்றது. 2018 இற் புத்தளத்து மக்கள் தெருவில் அமர்ந்து எதிர்த்தனர். 2019 இற் குப்பை வந்தே விட்டது. அக்காலத்து எம் உறுப்பினர் அவையில் யாது பேசினர்? ஹன்சாட் ஏடுகள் உள. உயர்வகுப்பு மாணவர் எடுத்துப் படிக்கலாம். இலக்கணப் பயிற்சியினும் அது குறைந்த பயன் தருவதன்று.

ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன்னர், முதலாம் பராந்தக சோழன் காலத்து உத்தரமேரூர்ச் சபையார் இதனைக் கருதியிருக்கின்றனர். குடவோலை கூறும் அக்கல்வெட்டைப் போற்றும் மேடைப் பேச்சாளர் பலர் ஓலையோடு நின்றுவிடுகின்றனர். அண்மை மூன்றாண்டில் வாரியஞ் செய்தார் மீண்டும் வரலாகாது. முன்பு வாரியஞ் செய்து கணக்குக் காட்டாதார் வரலாகாது. அன்னாரின் உறவினரும் வரலாகாது என்பன அதன் விதிகள். அச்சபை அந்தணர் சபை. நிலமும் வேதக் கல்வியும் உடையாரே அதிற் புகலாம். அதனை மக்களாட்சி எனப் புகழ நான் உடன்படேன். ஆயினும் கணக்குக் காட்டாதவர்க்குக் கதவடைத்த அவ்விதி இன்றைய நம் தேர்தற் சட்டத்தில் இல்லை.

எல்லை வகுத்தாலும் அதனை அழிக்க ஆட்சியாளர்க்கு வழி தெரியும். இருமுறைக்கு மேல் சனாதிபதியாகலாகாது என்ற தடையை 2010 இற் பதினெட்டாம் திருத்தம் நீக்கியது. அதன் துணைகொண்டு மூன்றாம் முறை நின்ற மகிந்த ராசபக்சவை 2015 சனவரியில் வாக்காளரே நிறுத்தினர். 2024 இற் பதவியிலிருந்தவாறே போட்டியிட்ட ரணில் விக்கிரமசிங்க மூன்றாமிடமே பெற்றார். தேர் என்னும் அடிக்கு ஆராய்தல் என்னும் பொருளை நம் மக்கள் மறந்திலர்.

ஆராய்வதற்கு ஓர் ஏடு வேண்டும். வண்ணாத்திவில்லுச் சந்தியில் மேடையேறி ‘மீண்டும்’ என்பவர் ஒரு தாள் கொணர்க: ஐந்தாண்டில் அவைக்கு எத்தனை நாள் சென்றார், அருவக்காடு பற்றி எத்தனை முறை வாய்திறந்தார், பன்முகப்படுத்தப்பட்ட நிதியில் எம் பாடசாலைகட்கு எவ்வளவு தந்தார். இலக்கத்தைப் பின்னர்க் கேட்டறிந்துகொள்வோம்.