உறையாத பனியும் கறுத்த துணியும்

பனி என்ற ஒரே சொல்லால் எத்தனை பொருள்களைச் சுட்டுகிறோம்! புல்நுனியில் நிற்பதும் பனி; மார்கழி விடியலில் சாலையை மறைப்பதும் பனி; இமயத்தில் பெய்வதும் பனி. பள்ளியில் உறைபனி பற்றிப் படித்தபோது, எங்கள் வீட்டுக் கூரையிலும் ஒருநாள் அது படியும் என்று நம்பியவன் நான். கும்மிடிப்பூண்டியில் அது நடவாது. சுமார் 2,240 மீட்டர் உயரத்திலுள்ள உதகைக்குத்தான் போக வேண்டும். அங்கே டிசம்பர், சனவரி இரவுகளில் தரையின் வெப்பம் சுழியத்துக்குக் கீழே இறங்க, காற்றிலுள்ள நீராவி நீராகாமலே பனிக்கட்டியாய்ப் புல்லில் படிகிறது. குளிர்நாடுகளில் காணும் உறையும் மூடுபனி இன்னும் விந்தையானது. சுழியத்துக்குக் கீழும் நீராகவே மிதக்கும் துளிகள், கிளையையோ கம்பியையோ தொட்டவுடன் உறைந்துவிடுகின்றன.

நம் ஊர் மூடுபனி உறைவதில்லை. ஆகவே அதில் ஆராய ஒன்றுமில்லை என்று எண்ணியிருந்தேன். அந்த எண்ணத்தை மாற்றியவர், பள்ளிப் படியேறாத என் தாயார். சென்ற தை மாதத்தில் ஒருநாள், இரவெல்லாம் கொடியில் கிடந்த வெள்ளை வேட்டியைக் கையில் பிடித்துக்கொண்டு கேட்டார்: “பனின்னா தண்ணிதானே? துணி ஏன்டா கறுக்குது? நீதான் சயின்ஸ் படிக்கிறியே, சொல்லு.”

எனக்கு விடை தெரியவில்லை. வீட்டில் முதன்முதலாகக் கல்லூரிக்கு வந்தவனுக்கு அதைவிட வெட்கம் வேறென்ன?

பிறகு நூலகத்தில் தேடினேன். தூசி இல்லாத காற்றில் நீராவியைச் செலுத்தினால் மூடுபனி உண்டாவதில்லை என்பதை ஸ்காட்லாந்து அறிஞர் ஜான் எய்ட்கன் 1880-இலேயே எடுத்துக்காட்டியிருக்கிறார். ஒவ்வொரு துளிக்கும் ஒரு துகள் கருவாக வேண்டும். நமக்கோ துகளுக்குப் பஞ்சமில்லை! லாரிப் புகை, சூளைப் புகை, ஆலைப் புகை, குப்பை எரிக்கும் புகை. பழவேற்காடு ஏரியும் நெல்வயல்களும் ஈரத்தைத் தருகின்றன. காற்றடங்கிய தெளிந்த இரவில் தரை குளிர, அதையொட்டிய காற்றும் குளிர்கிறது. மேலே வெதுவெதுப்பான காற்று மூடிபோல் நிற்க, புகை மேலெழ வழியின்றித் தங்கிவிடுகிறது.

“பனி இயற்கை, நாம் என்ன செய்ய முடியும்?” என்று நண்பர்கள் சொல்கிறார்கள். நான் இதை ஒப்பமாட்டேன். 1952 டிசம்பரில் இலண்டனில் ஆயிரக்கணக்கானோரைக் கொன்றது வெறும் பனியன்று. நிலக்கரிப் புகை கலந்த பனி. 2018 போகியன்று சென்னையில் விமானங்கள் இறங்க முடியாமல் திருப்பிவிடப்பட்டதும் நாம் கொளுத்திய புகையாலேதான். பழையன கழிதல் சரி. டயரைக் கொளுத்துவது எந்த மரபு? இரவு வேலை முடிந்து நெடுஞ்சாலையில் சைக்கிளில் வரும் என் அண்ணனுக்கு, எதிரே வரும் லாரியின் விளக்குகூடப் பக்கத்தில் வந்தபின்தான் தெரிகிறது. அவர் வந்து சேரும்வரை அம்மா வாசலிலேயே நிற்பார்.

நம் இயற்பியல் துறைக்கு ஒரு விண்ணப்பம். உலர்குமிழ், ஈரக்குமிழ் வெப்பமானிகள் இரண்டைக் கல்லூரி வளாகத்தில் நிழலில் தொங்கவிட வேண்டும். மார்கழி, தை இரு மாதங்களும் மாணவர்கள் முறைவைத்து விடியலில் அளவெடுக்கலாம். எத்தனையாவது விளக்குக் கம்பம் வரை தெரிகிறது என்றும், இரவில் கட்டிய வெள்ளைத்துணி என்ன நிறமானது என்றும் ஒரு குறிப்பேட்டில் எழுதலாம். செலவு அதிகமில்லை, தூக்கம்தான் கொஞ்சம் கெடும்.

எங்கள் வீட்டு வாசலில் நான் தொடங்கிவிட்டேன். தை 12, காலை மணி 6-20. வெப்பம் 20 டிகிரி. காற்று இல்லை. மூன்றாவது கம்பம் தெரியவில்லை. துணி சாம்பல் நிறம்.