துப்பாக்கிக்கு முன்னால் போன சங்கிலி

அமெரிக்காவின் மேற்குப் பகுதி எப்படி உருவானது என்று நம்மில் யாரைக் கேட்டாலும் பதில் தயாராக இருக்கும். லயன் காமிக்ஸில் டெக்ஸ் வில்லரோடு குதிரையேறி வளர்ந்தது ஒரு தலைமுறை. எழுபதுகளில் இயக்குநர் கர்ணன் எடுத்த படங்களில் ஜெய்சங்கர் தொப்பியும் இடுப்புத் துப்பாக்கியுமாக வந்ததைக் கொட்டகையில் பார்த்தது அதற்கு முந்தைய தலைமுறை. ஆளரவமற்ற பொட்டல், அதில் ஒற்றை வீரன், எதிரே கொள்ளைக்காரனோ செவ்விந்தியனோ. யார் கை முந்துகிறதோ அவனுக்கு நிலம். படமும் கதையும் அப்படி இருப்பதில் எனக்குப் புகார் இல்லை. பொழுதுபோக்குக்குச் சரித்திரப் பரீட்சை வைக்க முடியாது. ஆனால் படித்தவர்களும் இதையே கொஞ்சம் இஸ்திரி போட்டுச் சொல்கிறார்கள். சும்மா கிடந்த நிலத்தைத் துணிந்தவர்கள் எடுத்துக்கொண்டார்களாம். அந்தத் துணிச்சலிலிருந்துதான் அமெரிக்க ஜனநாயகமே பிறந்ததாம். நிலம் சும்மா கிடக்கவில்லை. துணிந்தவர்கள் கைக்கு அது அப்படிப் போகவும் இல்லை.

இந்த நம்பிக்கை கெட்டிப்பட்ட ஆண்டு என்று 1893-ஐச் சொல்லலாம். அந்த ஆண்டு ஜூலையில் ஃப்ரெடரிக் ஜாக்சன் டர்னர் என்ற இளம் வரலாற்றாசிரியர் சிகாகோவில் ஒரு கட்டுரை வாசித்தார். மேற்கே இலவச நிலம் இருந்தது, குடியேறிகள் அதைப் பிடித்தபடி முன்னேறினார்கள், அமெரிக்கரை அமெரிக்கராக்கியது அதுதான் என்பது அவர் வாதம். அதே ஆண்டில் ஜெர்மனியில் கார்ல் மேயின் ‘வின்னட்டூ’ நாவல் வெளிவந்தது. அதன் நாயகன் ஓல்டு ஷாட்டர்ஹேண்ட் ஒரு ஜெர்மன் இளைஞன். மேற்குக்கு வந்து ரயில் கம்பெனிக்கு நிலம் அளக்கிறவன். அளக்கப்படுவது அபாச்சிகளின் நிலம் என்று நாவலே ஒப்புக்கொள்கிறது. ஆனாலும் வாசகர் மனதில் நின்றது அவனுடைய முஷ்டியும் துப்பாக்கியும், அபாச்சித் தலைவனோடு அவன் ரத்தம் கலந்து சகோதரனானதும்தான். அளவுச் சங்கிலி எங்கோ புதரில் விழுந்துவிட்டது. கார்ல் மே அமெரிக்காவுக்குப் போனதே 1908-ல்தான். அப்போதும் மேற்கே எட்டிப் பார்க்கவில்லை.

அதே 1893-ல் டெக்சஸின் ஆஸ்டின் நகரத்தில் நிஜமான ஒரு ஜெர்மன் சர்வேயர் இறந்துபோனார். யாக்கோப் குய்க்லர் என்று பெயர். டர்னரையும் கார்ல் மேயையும் வைத்து உலகம் புரிந்துகொண்டதைவிட அதிகமாக இந்த ஒரு மனிதரின் வாழ்க்கையிலிருந்து புரிந்துகொள்ள முடியும்.

1823-ல் ஹெஸ்ஸே-டார்ம்ஷ்டாட் பகுதியில் பிறந்தவர் குய்க்லர். கீஸன் பல்கலைக்கழகத்தில் வனவியல் படித்தவர். 1847-ல் ‘நாற்பதின்மர்’ என்று அழைக்கப்பட்ட இளைஞர் கூட்டத்தோடு டெக்சஸ் வந்தார். எல்லாம் படித்த பிள்ளைகள். டாக்டர், வக்கீல், பொறியாளர், வனத்துறை ஆள். பொதுவுடைமைக் கனவோடு லானோ ஆற்றங்கரையில் ‘பெட்டினா’ என்றொரு குடியிருப்பு போட்டார்கள். தலைவர் கிடையாது, சட்டம் கிடையாது, எல்லாம் எல்லோருக்கும் பொது. ஒரு வருடத்துக்குள் அது கலைந்தது. வேலை செய்வதைவிட வேலையைப் பற்றிப் பேசுவதில் நாட்டம் அதிகமாக இருந்தது என்பதுதான் காரணம் என்கிறார்கள். அந்த வகை நண்பர்களை நாமும் பார்த்திருக்கிறோம்.

அந்தப் பொதுவுடைமைக் கனவுக்கு நிலம் எங்கிருந்து வந்தது என்று பாருங்கள். ஜெர்மன் பிரபுக்கள் சேர்ந்து 1842-ல் ஒரு குடியேற்றச் சங்கம் ஆரம்பித்தார்கள். டெக்சஸில் முப்பது லட்சம் ஏக்கருக்கும் மேற்பட்ட பரப்பில் குடியேற்றும் உரிமையை, இடத்தைக் கண்ணால் பார்க்காமலே விலைக்கு வாங்கினார்கள். குடும்பஸ்தனுக்கு 320 ஏக்கர், தனியாளுக்கு 160 ஏக்கர் என்று வாக்குக் கொடுத்துக் கப்பல் கப்பலாக ஆட்களை அனுப்பினார்கள். அந்த நிலம் கமான்சிப் பழங்குடியினரின் வேட்டைக்காடு என்பது பிறகுதான் உறைத்தது. சங்கத்தின் பிரதிநிதி மொய்ஸபாக் கமான்சித் தலைவர்களோடு பேசி, 1847 மே மாதம் ஃப்ரெடரிக்ஸ்பர்க்கில் உடன்படிக்கை செய்துகொண்டார். ஒருபோதும் மீறப்படாத உடன்படிக்கை என்று இன்றும் அந்த ஊரில் பெருமையாகச் சொல்கிறார்கள். மீற வேண்டிய அவசியம்தான் என்ன? ஜெர்மானியர்கள் அந்த நாட்டை அளந்துகொள்ளலாம் என்பது உடன்படிக்கையிலேயே இருந்தது. பதிலுக்கு 3,000 டாலர் மதிப்புள்ள பரிசுப் பொருள்கள். சர்வேயர் உள்ளே வருவதற்குச் சம்மதம் வாங்கியாயிற்று என்றால் பாக்கி வேலையைச் சர்வே பார்த்துக்கொள்ளும். அந்தப் பேச்சுவார்த்தையில் மொய்ஸபாக் காட்டிய துணிவை நான் குறைத்துச் சொல்லவில்லை. அவர் மற்ற டெக்சஸ்காரர்களைப் போல ரத்தம் சிந்தவில்லை என்பதும் உண்மைதான். ஆனால் சமாதானம் என்று கொண்டாடப்படும் அந்தக் காகிதத்தின் சாரம் நில அளவைதான்.

டெக்சஸில் நிலம் கைமாறிய விதத்தைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். தனிக் குடியரசாக இருந்துவிட்டு 1845-ல் அமெரிக்காவோடு சேர்ந்தபோது, தன் பொது நிலத்தை டெக்சஸ் தன்னிடமே வைத்துக்கொண்டது. மொத்தம் 21 கோடி ஏக்கருக்கு மேல். கஜானாவில் காசு இல்லாத அரசு, நிலத்தையே காசாகச் செலவழித்தது. 1836 மார்ச்சுக்கு முன்பே குடியிருந்த குடும்பத் தலைவனுக்கு 4,600 சொச்சம் ஏக்கர், போரிட்ட சிப்பாய்க்கு இவ்வளவு, ரயில் கம்பெனிக்கு மைலுக்கு இவ்வளவு என்று சான்றிதழ் எழுதிக் கொடுத்தது. சான்றிதழில் ஏக்கர் கணக்கு இருக்கும். எந்த ஊர், எந்த ஆறு என்பது இருக்காது. டெக்சஸில் எங்காவது காலியாக இருந்தால் எடுத்துக்கொள் என்பதுதான் அதன் பொருள். எடுப்பதற்கு எல்லைக்காடுகளில் போய்த் தேட வேண்டும். பண்டமும் பாத்திரமும் இல்லாத குடியானவன் அதற்கெங்கே போவான்? சான்றிதழை அடிமாட்டு விலைக்கு வியாபாரியிடம் விற்றுவிட்டுப் போனான்.

வாங்கியவன் சர்வேயரைத் தேடினான். சர்வேயர் ஒரு குழுவோடு கிளம்பினார்: சங்கிலி பிடிக்க இரண்டு பேர், புதர் வெட்ட ஒருவர், சமையலுக்கும் காவலுக்கும் சிலர். கல்யாணப் பந்தியில் முதல் வரிசை இலைக்கு நடக்கும் போட்டிதான் அங்கேயும். ஆற்றோர நிலம் முந்தியவனுக்கு. திசைகாட்டியை வைத்துக் கோடு பிடிப்பார்கள். நீளத்தை அளப்பது ஸ்பானியர் விட்டுப்போன ‘வாரா’ அளவில். ஒரு வாரா என்பது முப்பத்து மூன்றே கால் அங்குலத்துக்குச் சற்று அதிகம். மூலைக்கு ஒரு முளை அடித்து, பக்கத்தில் நிற்கும் மரத்தைச் சாட்சியாக்கிச் செதுக்கி அடையாளமிடுவார்கள். இன்ன திசையில், இத்தனை வாராவில், இத்தனை அங்குலப் பருமனுள்ள கருவாலி என்று குறிப்பேட்டில் ஏறும். அந்தக் குறிப்பு மாவட்ட சர்வேயரிடம் போய், அங்கிருந்து ஆஸ்டினில் உள்ள நில அலுவலகத்துக்குப் போய், வரைபடத்தில் கட்டமாகி, ஆளுநர் கையெழுத்தோடு பட்டாவாகத் திரும்பும். சர்வேயருக்குக் கூலி பெரும்பாலும் நிலமாகவே வந்தது. அளந்ததில் மூன்றில் ஒரு பங்கு என்பது சகஜம். டர்னர் சொன்ன ‘இலவச நிலம்’ இதுதான். இடைத்தரகர் உண்டு, கமிஷன் உண்டு, அலுவலகத்தில் வரிசை உண்டு. பட்டா வாங்க அலைந்த எந்தத் தமிழ் விவசாயிக்கும் இதில் ஒரு வரிகூட விளக்க வேண்டியதில்லை.

ஓ. ஹென்றி என்ற பெயரில் நாம் படிக்கும் கதாசிரியர் 1887 முதல் 1891 வரை அதே ஆஸ்டின் நில அலுவலகத்தில் படம் வரைபவராக வேலை பார்த்தவர். நில வியாபாரிகளின் திருட்டுகளைப் பற்றி அவர் எழுதிய கதைகளில் ஆபத்தான ஆயுதம் கோப்புதான்.

சர்வேயர்களும் துப்பாக்கி வைத்திருந்தார்களே, சண்டையில் செத்தார்களே என்று கேட்பார்கள். செத்தார்கள். 1838-ல் நவாரோ பகுதியில் கிக்காப்பூக்கள் ஒரு சர்வே குழுவைச் சுற்றி வளைத்து, பெரும்பாலோரைக் கொன்றார்கள். வழிப்போக்கரைவிட சர்வேயரைக் கண்டால் பழங்குடியினருக்கு ஏன் அத்தனை ஆத்திரம்? திசைகாட்டியை அவர்கள் நிலம் திருடும் கருவி என்று அழைத்ததாக டெக்சஸ் வரலாற்று நூல்களில் திரும்பத் திரும்ப வருகிறது. சினிமாவும் நாவலும் நூறாண்டாகப் பார்க்காத ஒன்றை அவர்கள் அன்றைக்கே பார்த்துவிட்டார்கள். துப்பாக்கிக்காரன் இன்று வருவான், நாளை போவான். சங்கிலிக்காரன் வந்துபோன இடத்துக்கு அடுத்த வருடம் வேலி வரும்.

குய்க்லரிடம் திரும்புவோம். அவர் வாழ்க்கையிலும் படமெடுக்கத் தக்க ஒரு துப்பாக்கிச் சண்டை உண்டு. ஆனால் அதில் செவ்விந்தியரும் இல்லை, வங்கிக் கொள்ளையரும் இல்லை. உள்நாட்டுப் போரில் டெக்சஸ் அடிமைமுறையைக் காக்கும் தென் மாநிலங்களோடு சேர்ந்தது. குய்க்லரும் டெக்சஸ் மலைநாட்டு ஜெர்மானியர் பலரும் அமெரிக்க ஒன்றியத்தின் பக்கம் நின்றார்கள். 1862 ஆகஸ்டில் அறுபது பேருக்கு மேல் மெக்சிகோவை நோக்கிக் கிளம்பினார்கள். நியூசெஸ் ஆற்றங்கரையில் ஆகஸ்டு 10 விடியுமுன் தென் மாநிலப் படை அவர்கள்மீது பாய்ந்தது. பத்தொன்பது பேர் சண்டையில் மாண்டார்கள். காயம்பட்டுக் கிடந்த ஒன்பது பேரைப் பிறகு சுட்டுக் கொன்றார்கள். குய்க்லர் தப்பி மெக்சிகோ போய்ச் சேர்ந்தார், அங்கேயும் நிலம் அளந்து பிழைத்தார், 1867-ல் திரும்பினார். வீரனுக்குப் பஞ்சமில்லாத எல்லைப்புறத்தில் அரசாங்கம் தன் குடிமக்களைச் சுட்ட இந்தக் கதைக்கு ஹாலிவுட்டில் கிராக்கி இல்லை.

அறிவிலும் சாமானியப்பட்டவர் அல்லர். 1850-களில் டெக்சஸில் வறட்சி அடித்தபோது நாடே பாலையாகப் போகிறதென்ற பயம் பரவியது. குய்க்லர் ஃப்ரெடரிக்ஸ்பர்க் பக்கத்துக் கருவாலி மரங்களின் வளையங்களை எண்ணி ஒப்பிட்டார். நூறாண்டுக்கு மேலாக ஈரமும் வறட்சியும் மாறிமாறித்தான் வந்திருக்கின்றன என்று 1859-ல் ஜெர்மன் பத்திரிகை ஒன்றில் எழுதினார். மரவளையங்களைக் கொண்டு காலநிலையைப் படிப்பது ஒரு துறையாக நிலைபெற அதன் பிறகு அரை நூற்றாண்டுக்கு மேல் ஆனது.

நல்லவர், அறிவாளி, அடிமைமுறையை எதிர்த்தவர். அதனால்தான் இவரைத் தேர்ந்தெடுத்தேன். துப்பாக்கி வீரனை இறக்கிவிட்டுச் சங்கிலி வீரனை அந்தப் பீடத்தில் ஏற்றும் ஒரு போக்கு இப்போது தலைகாட்டுகிறது: சர்வேயர் நடுநிலையான விஞ்ஞானி, இருந்ததை இருந்தபடி குறித்தவர், பாவம் அவர் சம்பளக்காரர் என்கிறார்கள். இருந்ததை இருந்தபடி குறித்தவர் அந்தக் குறிப்பேடுகளில் கமான்சியின் முகாமை ஏன் உரிமையாகக் குறிக்கவில்லை? குறிக்க அவருக்குக் கட்டம் தரப்படவில்லை. பழங்குடிக்கு நில உரிமை உண்டென்பதை டெக்சஸ் சட்டம் ஏற்கவில்லை. குய்க்லர் 1870 முதல் 1874 வரை அந்த நில அலுவலகத்தின் ஆணையராகவே இருந்தார். வரைபடங்களைப் புகைப்படப் பிரதி எடுக்கத் தன் மைத்துனர் முறையுள்ள ஓவியர் லுங்க்விட்ஸை வேலைக்கு வைத்தார். பிறகு டெக்சஸ்-பசிபிக் ரயில் கம்பெனிக்காக மேற்கு டெக்சஸை அளந்தார். ரயில் கம்பெனிகளுக்கு மாநிலம் கொடுத்த நிலம் சுமார் 3.2 கோடி ஏக்கர். தன் மனசாட்சிப்படி வாழ்ந்த ஒருவர்தான் இத்தனையையும் செய்தார். கெட்டவர்கள் செய்த அபகரிப்பு என்று சொல்லித் தப்பிக்க இங்கே வழியில்லை.

இருபதாம் நூற்றாண்டில் மேற்கு டெக்சஸில் எண்ணெய் பொங்கியபோது எல்லை வழக்குகள் குவிந்தன. சங்கிலி தொய்ந்த இடம், போகாமலே அலுவலகத்தில் உட்கார்ந்து எழுதிய அளவு, இரண்டு கட்டங்களுக்கு நடுவே விடுபட்டுப்போன துண்டு என்று ஒவ்வொன்றுக்கும் வழக்கு. டெக்சஸ் நீதிமன்றங்கள் இதில் பிடித்துக்கொண்ட விதி ஒன்று: முதல் சர்வேயரின் காலடியைத் தொடர்ந்து போ. அவர் செதுக்கிய மரம் நின்றால் அதுவே எல்லை. எண்கள் அதற்குப் பிறகுதான். எந்த வீரன் யாரை எங்கே சுட்டான் என்று எந்த நீதிபதியும் கேட்கவில்லை. அந்தச் சர்வேயருக்கு முன்பு அங்கே நடந்தவர்களைப் பற்றியும் கேட்கவில்லை. பிரேசோஸ் ஆற்றருகே ஒதுக்கிய சிறு காப்புநிலத்திலிருந்தும் கமான்சிகளை 1859-லேயே வெளியேற்றியாயிற்று. வெளியே நின்று போரிட்ட கடைசிக் குழுவும் 1875-ல் சரணடைந்தது. இன்றைக்கு அவர்களுடைய ஆட்சித் தலைமையகம் ஒக்லஹோமா மாநிலத்தின் லாட்டனில் இருக்கிறது.